உட்கார்ந்து பார்க்கிற வேலை

காஜாக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. அது தையல் கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. இருபத்தாறு வருடமாகச் சட்டைகளுக்குக் காஜா போடுகிறாள். அதாவது பட்டன் நுழைகிற ஓட்டையைப் போட்டு ஓரம் கட்டுகிறாள். புதிதாகச் சேருகிற பெண்கள்கூட முதல் நாளே காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னைக் கேட்டா, ஊருல பாதிப் பேர் மானத்தை நான்தான் காப்பாத்திக்கிட்டிருக்கேன்" என்று அவளும் சொல்லிக்கொள்வாள். வாய்க்குக் குறைச்சல் இல்லாதவள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சூப்பர்வைசரின் முகம் வந்திருக்கிறது. மீசையோடு.

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. அம்மா செத்தபோது இவளுக்குப் பத்து வயது. இருந்த ஒரே போட்டோ ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பழுப்புக் கறையாகிவிட்டது. அதற்கப்புறம் முகத்தை மனசில்தான் வைத்திருந்தாள். அது சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது. முதலில் மூக்கு, பிறகு வாய். கண் மட்டும் சில வருடம் தாக்குப்பிடித்தது. கடைசியில் மிஞ்சியது முதுகுதான். அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழாது, எப்போதோ விழுந்து முறிந்த கை. இருந்த ஒரே நல்ல சட்டைக்கோ பட்டன் பின்பக்கம். தினமும் காலையில் அம்மா வாசலைப் பார்த்துக் குந்திக்கொள்வாள், இவள் பின்னால் நின்று ஏழு பட்டனையும் போட்டுவிடுவாள். அந்த முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முகம் இருந்தால் கனவிலாவது நாலு வார்த்தை பேசலாம்.

அம்மா ஓவியக் கல்லூரியில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "உட்கார்ந்து பார்க்கிற வேலை" என்றாள். நாற்காலி, மேஜை, ஃபைல் என்று தெரு தானாகவே நினைத்துக்கொண்டது. சொந்தபந்தத்தில் மரியாதை கூடியது. ஒரு மாமா மனு எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார். தன் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதத் தெரியாத அம்மா, "ஆபீஸ் வேலையை வீட்டுல செய்யக் கூடாதுன்னு உத்தரவு" என்று அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

உண்மையைச் சித்திதான் போட்டு உடைத்தாள், அதுவும் முப்பத்தேழு வருடம் கழித்து. அக்கா மகள் கம்பெனியில் அழுத கதை காதுக்கு எட்டியதும், ஒரு பத்திரிகைத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்கம்மா உட்கார்ந்ததுதான்டி வேலையே. பசங்க பார்த்து வரையறதுக்கு ஆடாம அசையாம உட்காரணும். அதுக்குத்தான் சம்பளம். வெளியில சொன்னா நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்கன்னு என்கிட்ட மட்டும் சொன்னா."

"இத்தனை நாள் ஏன் சித்தி சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டா. இப்ப நீ சூப்பர்வைசரை அம்மான்னு கும்பிட ஆரம்பிச்சிடுவியோன்னு பயமா இருக்கு, அதான் சொல்றேன். இதைப் படி."

அந்தக் கல்லூரியில் வரையக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இறந்தபிறகு பெரிய ஆளாகிவிட்டார் என்றும், அவர் கரியால் வரைந்த 'உட்கார்ந்திருக்கும் பெண்' பெரிய நகரத்து மியூசியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்றும் போட்டிருந்தது. வரைந்த வருடமும் இருந்தது. அது அம்மாவின் கடைசி வருடம், அப்போது அங்கே உட்கார்ந்தவள் அம்மா ஒருத்திதான் என்றாள் சித்தி. படத்தை மட்டும் பத்திரிகைக்காரர்கள் போடவில்லை. கைபேசி எல்லார் கைக்கும் வந்திராத நாட்கள் அவை, இருந்த இடத்தில் தட்டிப் பார்த்துவிட வழியில்லை.

அன்றிலிருந்து காஜாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேயோ ஒரு சுவரில் அம்மாவின் முகம் இருக்கிறது. கட்டணம் கட்டியவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறான். பெற்ற மகள் பார்க்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அனுமதி இலவசம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஆனால் ஆர்டர் நெருக்கடியில் கம்பெனிக்கு ஞாயிறு ஏது? சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"எதுக்கு லீவு?"

"எங்கம்மாவைப் பார்க்கப் போறேன்."

"உங்கம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. அதுக்காகப் பார்க்கக் கூடாதா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, பொய் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டாமா என்று முணுமுணுத்து ஒரு நாள் கொடுத்தார். ஒரே ஒரு நாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு மெஷினில் இல்லாவிட்டால் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

விடிந்ததும் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினாள். பாதி தூரம் நின்றுகொண்டும் மீதி தூரம் யாரோ ஒருத்தியின் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டும் போய்ச் சேர்ந்தாள். திரும்புகிற வண்டி ஆறரைக்கு. கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை மியூசியத்தின் படியிலேயே பிரித்துச் சாப்பிட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வரிசையில் நின்றாள். இலவசம் என்றால் சும்மாவா? வரிசை கட்டடத்தைச் சுற்றி வந்து தன் வாலையே பிடிக்கப் பார்த்தது. முன்னால் முதுகுப் பை மாட்டிய வெளியூர்ப் பிள்ளைகள், பின்னால் குழந்தை குட்டிகளோடு ஒரு பெரும் குடும்பம். உள்ளே நுழையும்போது மணி நாலு.

வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். கூட்டம் நெட்டியது, இவளும் பையை நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள். மூன்று கூடங்கள் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வாத்தியாரின் பெயர் எழுதியிருந்த பத்திரிகைத் துண்டு பைக்குள் இருக்கிறது. பதற்றத்தில் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. திரும்பி வந்து எடுக்கலாமா என்று கேட்டாள். எடுக்கலாம், ஆனால் மறுபடி வரிசையில் நின்றுதான் வர வேண்டும் என்றார்கள். வரிசையின் வால் இப்போதும் தெரு முனையில் இருந்தது.

சரி, அம்மாவை மகளுக்குத் தெரியாதா, பார்த்த உடனே ரத்தம் சொல்லிவிடாதா என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தாள். ரத்தம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மியூசியத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒருத்தி, கடிதத்தோடு ஒருத்தி, பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி. ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் போய் நின்று, நீயா, நீயா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். நாலரை ஆயிற்று. கால் கடுத்தது. யாராவது ஒருத்தி ஆமாம் என்று சொன்னால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது மங்கலான கூடத்தில், தலையைச் சாய்த்துக் களைப்பாகப் பார்த்த ஒரு முகம் அவளை நிறுத்தியது. "அம்மா, எப்படிம்மா இருக்கே?" என்று வாய்விட்டே கேட்டுக் கண்ணாடியில் கை வைத்துவிட்டாள்.

"தொடாதீங்கம்மா!" என்று பக்கத்தில் நின்ற காவலாளி ஓடிவந்தார். சீருடை தொளதொளவென்று இருந்த, ஓய்வு பெறுகிற வயதுக்காரர். அவள் அழுவதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "என்னம்மா ஆச்சு?"

"எங்கம்மா சார். எங்கம்மாவைத்தான் வரைஞ்சிருக்காங்க."

அவர் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வரைஞ்சு முந்நூறு வருஷம் ஆச்சும்மா."

காஜாக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்நூறு வருடத்து யாரோ ஒருத்தியை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். இனி எந்த முகத்தைக் காட்டினாலும் நம்பிவிடுவாள் போலிருக்கிறதே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உட்கார்ந்திருக்கும் பெண்ணுன்னு ஒரு படம் சார். எங்க இருக்கு?" என்றாள்.

"எந்த உட்கார்ந்த பெண்ணும்மா? இங்க எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. நிக்கிறது நாங்க மட்டும்தான்."

"வாத்தியார் வரைஞ்சது. கரியில வரைஞ்சதாம்."

"கரியா?" அவர் முகம் மாறியது. "அப்ப அது காகிதம். மேல் மாடி. வாங்க."

தன் இடத்தை அடுத்த கூடத்துக்காரரிடம் சாடையில் ஒப்படைத்துவிட்டுப் படியேறினார். இவள் பின்னாலேயே ஓடினாள். மேலே ஒரு சின்ன அறை, நடுவில் ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவரில் வாத்தியாரின் பெயர் போட்ட அட்டை இருந்தது. பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது, அதே பெயர்தான். அதன் கீழே 'உட்கார்ந்திருக்கும் பெண்'. அட்டைக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி. ஆணியில் ஒன்றும் இல்லை.

"படம் எங்க?"

"ஓய்வுல இருக்கும்மா."

"என்னது?"

"காகிதப் படத்துக்கு வெளிச்சம் ஆகாது. மூணு மாசம் மாட்டுவாங்க, அப்புறம் எடுத்து இருட்டு அறையில வெச்சிடுவாங்க. மூணு வருஷம் ஓய்வு. போன வாரம்தான் எடுத்தாங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தவரை அம்மாவுக்கு அரை நாள் ஓய்வு கொடுக்காதவர்கள், செத்த பிறகு மூன்று வருடம் கொடுத்திருக்கிறார்கள். பாழாய்ப்போன ஓய்வு. காஜாக்கா அப்படியே பெஞ்சில் விழுந்தாள்.

"ஒரே ஒரு நிமிஷம் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்க அண்ணே. வெளிச்சம்கூட வேண்டாம். தீக்குச்சி வெளிச்சத்துல பார்த்துக்கறேன்."

"தீக்குச்சியா! நல்லா சொன்னீங்க. சாவி என்கிட்ட இல்லைம்மா. இன்னைக்கு ஞாயிறு, ஆபீசர் யாரும் இல்லை."

"நாளைக்கு நான் மெஷின்ல இருக்கணும்." வெற்று ஆணியைக் காட்டினாள். "எனக்கு எங்கம்மா முகம் மறந்துபோச்சுண்ணே. நீங்க பார்த்திருப்பீங்கல்ல? அந்த முகம் எப்படி இருக்கும், சொல்லுங்க. மூக்கு எப்படி? சிரிச்சாளா?"

அவர் வெற்றுச் சுவரைப் பார்த்தார். இல்லாததைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நல்ல மூக்கு என்று சொன்னால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அவருக்கு அது வரவில்லை.

"மூணு மாசமும் எனக்கு இந்த அறைதான் டியூட்டி. இல்லாததைச் சொல்லக் கூடாது. அந்தப் படத்துல முகம் இல்லைம்மா. திரும்பி உட்கார்ந்திருப்பாங்க. முதுகுதான்."

இருக்கிற முதுகைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தாள்? இனி உலகத்தில் எங்கேயும் அந்த முகம் இல்லை. அது அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது.

காவலாளிக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார். "ஆனா நல்ல கூட்டம் வரும்மா அதுக்கு. முதுகுல வரிசையா பட்டன். எல்லாமே ஓட்டை மாத்திப் போட்டிருக்கும். மேல ஒரு பட்டன் மிச்சம், கீழ ஒரு ஓட்டை மிச்சம், சட்டை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். எங்க கைடு அதைக் காட்டித்தான் விளக்கம் சொல்வாரு. பாருங்க, இந்தப் பெண்ணுக்குப் பட்டன் போட்டுவிடக்கூட உலகத்துல ஒருத்தரும் இல்லை, அந்தத் தனிமையைத்தான் வரைஞ்சிருக்காருன்னு. கேக்கறவங்க உச்சுக் கொட்டுவாங்க."

"ஒருத்தரும் இல்லைன்னு யாரு சொன்னது?"

எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் இருந்தேன். நான்தான் போட்டேன். தினமும் நான்தான் போட்டுவிடுவேன். அன்னைக்குக் காலையில செருப்பு கேட்டேன், அம்மா இல்லைன்னுட்டா. போய் ஆபீஸ்ல எல்லாரும் பார்த்துச் சிரிக்கட்டும்னு வேணும்னே மாத்திப் போட்டேன். அவ ஒன்னும் சொல்லலை. சாயங்காலம் அப்படியே வந்தா. நான் அவுத்துவிட்டேன், அப்பவும் ஒன்னும் சொல்லலை."

இதை அவள் புருஷனிடம் சொன்னதில்லை, சித்தியிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு வருடமாகக் கம்பெனியில் ஒரு சட்டையைக்கூடப் பட்டன் போட்டுப் பார்க்காமல் அடுத்த மேஜைக்கு அனுப்பாதவள். ஏன் இத்தனை மெனக்கெடுகிறாய் என்று கேட்டவர்களுக்கு ஏதேதோ ஜோக்கடித்திருக்கிறாள்.

கீழே ஐந்து மணி அடித்தது. மூடப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருஷம் கழிச்சு மாட்டுவாங்கம்மா. அப்ப வாங்க."

"வர்றேனோ இல்லையோ. அந்தக் கைடுகிட்ட நீங்க சொல்லணும் அண்ணே. மறக்காம சொல்லணும். அவளுக்கு ஆள் இருந்துச்சு. கோவக்காரப் பொண்ணு ஒருத்தி இருந்தா. தப்பா போட்டது அவதான்."

"சொல்றேம்மா."

"எழுதி வெச்சுக்குங்க. மறந்துடும். எனக்கு முகமே மறந்துபோச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையில் காகிதம் இல்லாததால் தன் உள்ளங்கையிலேயே எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு, வண்டியைப் பிடிக்க ஓடினாள்.