நடுவிலே ஓர் ஓ

என் மருமகள் ஒரு தோல் டாக்டரிடம் டைப்பிஸ்டாக இருக்கிறாள். நோயாளி எழுந்து போனதும் டாக்டர், தான் கண்டதை ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்துவைப்பார். இவள் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, கடிதமாக அடித்து, கட்டாக மேஜையில் வைப்பாள். மாலையில் அவர் மளமளவென்று கையெழுத்துப் போடுவார். ஒன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை.

சேர்ந்த புதிதில் அவளுடைய ஆங்கிலம் அரைகுறை. ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகள் அவளை அழவைத்தன. ஒரு நோட்டு வாங்கினாள். இடது பக்கம் பொருளின் பெயர், வலது பக்கம் அதை ஒட்டிய குணம். சளிக்கு 'மியூகஸ்' என்பார்களாம். சளி சுரக்கிற சவ்வு என்னும்போது அந்த 'சளி சுரக்கிற'வுக்கும் 'மியூகஸ்'தானாம். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று, எழுதினால் இரண்டு. குணத்தைச் சொல்லும் வார்த்தைக்கு நடுவே ஓ என்ற எழுத்து கூடுதலாக வந்து உட்காரும். பாத்திரம் தேய்க்கும்போதும் "பொருளுக்கு ஓ இல்ல, குணத்துக்கு ஓ உண்டு" என்று முணுமுணுப்பாள்.

"உன் பிள்ளை ஓன்னு அழறானே, அது பொருளா குணமா?" என்று கேட்பேன்.

"அது உங்க வம்சம் அத்தை" என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லை.

அந்த நோட்டால்தான் அவளுக்கு அங்கே மரியாதை. டாக்டரே சந்தேகம் வந்தால் அவளைக் கேட்பார்.

ஒரு நாள் வீட்டில் பீரோ சாவியைக் காணவில்லை. அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுப் பேசினாள். அதற்காக என் மேல் பழி போடக் கூடாது. சாவி காணோம் என்றால் மனுஷி யாரைக் கேட்பாள்?

இரண்டு வாரம் கழித்து ஓர் ஆயாம்மா அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கை. ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாகப் பெரியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்து விடுகிறவர். உள்ளங்கை முழுக்கக் காய்த்துப்போய், குளிப்பாட்டும்போது ஒரு தாத்தா முதுகில் கீறல் விழுந்துவிட்டது. தாத்தாவின் மகள் புகார் செய்ய, கையில் என்ன கோளாறு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச்சொன்னார் இல்லத்து மேனேஜர். டாக்டர் பார்த்தார். வெறும் காய்ப்பு, களிம்பு போட்டால் மிருதுவாகிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" ஆயாம்மா அந்தக் கடிதத்தை நீட்டினார். "அன்னிக்குச் சாயங்காலம் டாக்டர் சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு. மேனேஜர் படிச்சுட்டு, நாளையிலேருந்து வராதேன்னுட்டாரு. எனக்கு ஈவு இரக்கம் செத்துப்போச்சாம். டாக்டரே சொல்லிட்டாராம்."

மருமகள் வாங்கிப் படித்தாள். 'பல வருஷம் தூக்கிக் குளிப்பாட்டியதால் கேலஸ்.' டாக்டர் சொன்ன கேலஸ் கைக் காய்ப்பு. இவள் அடித்திருந்த கேலஸில் நடுவே ஓ இருந்தது. அப்படி எழுதினால் ஈரமில்லாத, கல்மனசான என்று அர்த்தமாம். ஒன்பது வருஷம் முணுமுணுத்த பாடத்தில் அவளே வழுக்கியிருந்தாள்.

"உக்காருங்கம்மா" என்றாள். டாக்டர் வெளியூர் போயிருந்தார். மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் தட்டைத் தொடவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

"சத்தம் ஒண்ணுதானே? அப்புறம் எப்படி அர்த்தம் மாறும்?" என்றேன். எனக்கு எழுத்து தெரியாது, காதால்தான் எல்லாமே. அவள் நோட்டைப் பிரித்து அந்த எழுத்தின் மேல் என் விரலை வைத்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம். ஒரு பொத்தான் அளவு வட்டம் ஒரு பொம்பளையின் பத்தொன்பது வருஷத்தை விழுங்குமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

முன்பு ஒருத்தி மருந்தின் அளவைத் தப்பாக அடித்ததற்கு, டாக்டர் அன்றைக்கே அவளைக் கணக்கு முடித்து அனுப்பியவர். அது தெரிந்துதான் நான் யோசனை சொன்னேன். "சரியா ஒண்ணு அடிச்சு கட்டோட கட்டா வச்சிடு. அவர் படிச்சா பாக்கறாரு? கையெழுத்தானதும் அந்தம்மா கையில குடுத்துடு. ஒரு காக்காய்க்கும் தெரியாது."

"எப்படி மாறிச்சுன்னு மேனேஜர் கேட்டா? அந்தம்மாவே திருத்திக் கொண்டாந்துட்டாங்கன்னு சொல்ல மாட்டாரா?"

"உன் வேலை போனா?" என்று கேட்டேன். அவள் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் பழைய கடிதத்தை வாங்கிப் படித்தாராம். "கையெழுத்து என்னுதுதானே" என்றாராம். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றாள் இவள். புதுக் கடிதத்தில், தவறு எங்களுடையது, அந்தம்மாளுடையது அல்ல என்று ஒரு வரி சேர்க்கச்சொன்னார். அதை ஓர் எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆயாம்மாவிடமும் தப்பைச் சொல்லிவிட்டு, அவரோடு இவளும் இல்லத்துக்குக் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானும் போனேன்.

மேனேஜர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எழுத்துப்பிழை. சரி, ஒத்துக்கறேன். ஆனா முதல் கடிதத்தை அந்தத் தாத்தாவோட பொண்ணுக்குப் படிச்சுக் காட்டிட்டேனே. இப்ப காதுலேருந்து திரும்ப எடுக்க முடியுமா? துணி துவைக்கிற பக்கம் வேணா இவங்க வரட்டும். பெரியவங்க அறைக்குள்ள வேண்டாம்."

"நான் போய் அவங்ககிட்ட சொல்றேன் சார். தப்பு என்னுது" என்றாள் மருமகள்.

"சொன்னா மட்டும்? டாக்டர் சும்மா எழுதுவாரான்னு கேப்பாங்க."

அப்போது உள்ளே மணி அடித்தது. விடாமல் அடித்தது. ஓர் ஆள் எட்டிப் பார்த்துச் சொன்னான். "ஏழாம் அறை தாத்தா சார். முதுகு அரிக்குதாம். நாங்க சொறிஞ்சா ஆகலையாம். அந்த முரட்டுக் கை எங்கடான்னு கேக்கறாரு."

கீறல் பட்டவர் அவரேதான். ஆயாம்மா பாதி எழுந்துவிட்டார். மேனேஜர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆயாம்மா மறுபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

வாசலில் ஆயாம்மா மருமகளிடம் கேட்டார். "அந்த எழுத்தைக் காட்டும்மா." இவள் தொட்டுக் காட்டினாள். "இத்துனூண்டுதானா?" என்று சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "போர்வையைக் குளிப்பாட்டறது சுலபம்தான். கீறினாலும் கத்தாது. ஆனா அது பேசாதும்மா."

எட்டு மாதமாகிறது. அவர் இன்னும் துவைக்கிற பக்கம்தான். தாத்தாவின் மகளுக்கு மருமகள் இரண்டு முறை கடிதம் எழுதிவிட்டாள், பதில் இல்லை. வேலை போகவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்து, சொல் சொல்லாக விரல் வைத்துப் பார்க்கிறாள். வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் தாமதமாகிறது. நோட்டைப் பாடுவதில்லை.

இதை நான் சொல்லச்சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். என் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தேடித்தான் அன்றைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவள் காதிலிருந்ததைக் கழற்றி மாட்டிய பிறகு அடித்த முதல் கடிதம் ஆயாம்மாவுடையது. சாவி என் இடுப்பிலேயே இருந்ததை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"இது வேண்டாம் அத்தை" என்கிறாள்.

"எழுது" என்றேன்.