ஒத்துப்போகாத தசமம்

மறுமதிப்பீட்டு மனுவுக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்கிறது பல்கலைக்கழகத் தேர்வு விதி. ஆயுள் முழுக்க அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்த நான் அதை நம்பினேன்.

பணி ஓய்வுக்குப் பின் நெய்வேலியில் இருந்தபடியே எம்.எஸ்ஸி. கணினிப் புள்ளியியலில் சேர்ந்தேன். செய்முறைத் தேர்வில், கணினியைப் பத்தாயிரம் முறை பகடை உருட்டச் சொல்லிச் சராசரி காண வேண்டும். ஒவ்வொரு கணினியும் தன் போக்கில் உருட்டும். கடைசித் தசமங்கள் ஒத்துப்போகாது. அதுதான் பாடமே. ஆனால் பயிற்சி ஏட்டு விடையை மனப்பாடமாக எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்! நேர்மையாகப் பகடை உருட்டிய எனக்கும், என்னோடு படித்த பக்கத்து ஊர் வடக்குத்து கலாவுக்கும் பூஜ்யம்.

கலா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஊழியர். பட்டம் கிடைத்தால் பர்மனென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆடிப்பெருக்கு அன்று கடைசி நாள்.

"பஸ்ஸு ஏறி யுனிவர்சிட்டிக்கே நேரா போயி அவங்க மேசை முன்னாடி நின்னுகினு கேட்டுடலாம் சார்."

"இதென்ன சந்தையாம்மா? முறைப்படி போவோம்."

இருவர் மனுவையும் நானே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாள் கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இன்னொன்று.

"உங்க முறைக்கு ஷிப்ட் எப்ப சார் முடியும்?" என்றாள் கலா. சிரிக்கவில்லை.

பகடை புரியாத அந்தத் தேர்வாளர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவளைப் பேருந்து ஏறவிடாமல் தடுத்தவன்மேலும்தான்.

இருவருக்கும் முழு மதிப்பெண் என்ற பதில் வந்தது, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.