தொண்டர் என்றொரு பெயர்

பள்ளிக்கூட மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ரீச்சருடைய இரண்டு உள்ளங்கைகளும் என் மகளின் காதுகளைப் பொத்திவிடும். வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான் மணி. அந்தச் சத்தம் கேட்டால் மகள் நிலத்தில் விழுந்து தலையை அடித்துக்கொள்வாள். ஆகவே மணியடிக்கிறவர் விறாந்தையில் இருந்து இறங்கியதுமே, ரீச்சர் கையில் இருக்கிற சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நிற்பார். வாவியில் பிடித்த மீனைச் சந்தையில் கொடுத்துவிட்டு, மகளைச் சைக்கிளில் ஏற்றிவருகிற நான், வாசல் படலைக்கு வெளியே நின்று அதைப் பார்த்த பிறகுதான் திரும்புவேன். உள்ளே போய்க் கதைக்க எனக்குக் கூச்சம்.

மகள் படிக்கிற விசேட கல்வி அலகில் நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு ஊட்டுவது, கழுவிவிடுவது, ஓடுகிற பிள்ளையைப் பிடித்துவருவது எல்லாம் அவருக்கு உதவியாக வந்த இந்த ரீச்சருடைய வேலை. பெற்றோர் சேர்ந்து கொடுப்பதுதான் சம்பளம். விடுமுறை விட்டால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் காத்தான்குடியில் ஒரு துணிக்கடையில் நிற்பார். நியமனம் இல்லாமல் வருகிறவர் என்பதால் எல்லோரும் அவரைத் தொண்டர் ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அதிகம் பேசாத என் மகள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டாள். ஒருநாள் "தொண்டர், தண்ணி" என்று கேட்டிருக்கிறாள். ரீச்சர் படலைவரை ஓடிவந்தார். "புள்ள என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா அண்ணன்."

அவருக்கு நிரந்தர நியமனம் கேட்டு, கல்வி அலுவலகத்தில் இருந்து வந்த அதிகாரியோடு பெற்றோர் கூட்டம் வைத்தோம். அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. "தொண்டர் எண்டா விருப்பத்தில வாறவங்கதானே. நியமனம் தர எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

"விருப்பத்தில போறா எண்டு பஸ்காரன் சும்மா ஏத்துறானா சேர்?" என்றார் ஒரு தாய். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூட்டம் முடிந்துவிடும் போல இருந்தது. நான் எழுந்தேன்.

"அவ போயிட்டா, மணி அடிக்கக்குள்ள என்ர மகள்ர காதை ஆரு பொத்துற சேர்?"

"இன்னொரு தொண்டர் வருவா" என்றார் அதிகாரி, மெதுவாக.

அடுத்த விடுமுறைக்குப் பிறகு ரீச்சர் திரும்பிவரவில்லை. துணிக்கடையில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்களாம். தேடிப்போனேன். சேலைகளை மடித்துக்கொண்டே பேசினார். "இஞ்ச என்ர பேரைப் பதிஞ்சிருக்காங்க அண்ணன். காய்ச்சலெண்டு வீட்டில கிடந்தாலும் வேலை என்னோடதான் இருக்கும்." பிறகு, "புள்ள என்னைக் கேட்டவவா?" என்றார். கேட்காத நாள் இல்லை. "சுகமா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவரைப் பிழை சொல்ல என்னால் முடியாது.

அதிகாரி சொன்னது போலவே இன்னொருவர் வந்தார். "தொண்டர் ரீச்சர் வந்திருக்கா" என்று நான்தான் மகளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து உள்ளே ஓடினாள். வகுப்பைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். பிறகு படலைக்கு வந்து நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். வந்தவரும் சில மாதங்களில் போய்விட்டார்.

இப்போது வந்திருப்பவர் வயதில் சின்னப் பிள்ளை. கூச்சத்தை விட்டு, முதல் நாளே உள்ளே போய் அவருடைய பெயரைக் கேட்டேன். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் என்றேன். அந்தப் பிள்ளை மகளின் தலையைத் தடவினார்.

"பேர் பழக்க வேணாம் அண்ணன்" என்றார். "நான் எத்தின நாளைக்கு இஞ்ச இருப்பனெண்டு எனக்கே தெரியா."