அரிசி டிரம்மிலிருந்து வந்த அந்தோணியார்

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா ஹில்டா தினமும் காலையில் பால்கனித் தக்காளிச் செடியிடம் பேசுகிறார். ஹாம்பர்க்கில் அதற்குத் தோட்டக்கலை என்று பெயர். நான் அலமாரிமேல் நிற்கும் அரையடி அந்தோணியாரிடம் தொலைந்த சாவியைக் கேட்டால் மட்டும் அது மூடநம்பிக்கை. முதல் நாள் சிலையைப் பார்த்து, உறவினரா என்றார். ஆமாம், ரொம்ப வருடமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறார் என்றேன், என் அரைகுறை ஜெர்மனில். அனுதாபமாகத் தலையாட்டியவர், ஆள் புனிதர் என்று தெரிந்ததும் புனிதர்களிடம் வேண்டாத தன் லுத்தரன் புருவத்தை உயர்த்தினார். "தக்காளிக்கு உயிர் இருக்கிறது. இவர் செத்துப்போனவராயிற்றே."

இதைக் கேட்க நான் விமானம் ஏறியிருக்கவே வேண்டாம். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்கு எங்கள் வீடு தேடி வரும் பாஸ்டர் இதையே மைக் இல்லாமல் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அப்பா சவரிமுத்து கத்தோலிக்கர், செவ்வாய்தோறும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி. அம்மா கல்யாணத்துக்குப் பிறகு, சிலையே கூடாது என்கிற பாஸ்டரின் சபைக்கு மாறியவர். பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்காக ஜெபி என்று கேட்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்பார் அப்பா. அக்காவுக்குக் காது கேட்கும் என்பார் அம்மா. உலகத் திருச்சபைகள் தீர்க்காத இந்த வழக்கை எங்கள் வீடு ஓர் அரிசி டிரம்மால் தீர்த்தது. பாஸ்டரின் பைக் சத்தம் கேட்டதும் அம்மா சிலையை அரிசிக்குள் புதைப்பார். பைக் போனதும் அப்பா தோண்டி எடுப்பார். எங்களுக்கு வாராவாரம் ஈஸ்டர். நான் படிக்கக் கிளம்பியபோது, "இத்தையும் எத்துக்கினு போடி, வூடு சுத்தமாவட்டும்" என்று அம்மாவே பெட்டியில் திணித்தார். மகளுக்குத் துணை என்று அப்பாவும் மகிழ்ந்தார். இருவருமே ஜெயித்த ஒரே சண்டை அது.

நேற்று அம்மா கூப்பிட்டார். இன்று காலை சேலத்தில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். சபை முழுக்க உபவாச ஜெபம் என்றார்.

"அந்த பொம்மைய இன்னா பண்ண?"

"அலமாரி மேல நிக்கிறாரும்மா."

"உங்கப்பா அத்தையே கேட்டுக்கினு கீறாரு. நானு அதாண்டல்லாம் வேண்ட மாட்டேன், தெரியுமில்ல? நீ உன் ரூம்ல யாராண்ட இன்னா பேசினாலும் நான் வந்து பாக்கவா போறேன்." போனை வைக்கப் போனவர் மறுபடி கேட்டார். "அங்க மெழுகுவத்தி கெடைக்குமாடி?"

கிடைத்தது, ஹில்டாவிடம்தான் கடன் வாங்கினேன். எதற்கென்று கேட்டார், அப்பா பெயர் உட்படச் சொன்னேன். புருவம் உயர்ந்தது, ஆனாலும் கொடுத்தார்.

இந்நேரம் அப்பாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். துடைக்கத் தூக்கியபோது சிலையின் அடியிலிருந்து ஒரு பொன்னி அரிசி உதிர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்து நிற்கிறேன். முன்னால் அந்தோணியார். முதுகுக்குப் பின்னால், பால்கனியில், சவரிமுத்து என்கிற பெயரைப் படாதபாடு படுத்தியபடி ஹில்டா தக்காளிச் செடியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.