எதிரணியில் ஓர் இருவாச்சி

சில வாரங்களுக்கு முன், பத்தாங் பெர்ஜுந்தாய்ச் சந்தையில் (ஊரின் பெயர் மாறியும் எங்கள் வாய் மாறவில்லை) ஒரு மலாய்க்கார அம்மா லக்சாக் குழம்புக்காக இளஞ்சிவப்பு இஞ்சிப்பூவை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை, நண்பரே, என்னைக் கோலா குபு பாருவுக்கு மேலே உள்ள மலைப்பூங்காவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மீன் வாங்கப் போனவன் வெறும் பையோடு வீடு திரும்பினேன்.

அங்கே காட்டு இஞ்சி பாதையோரம் மண்ணைத் துளைத்துக்கொண்டு பூக்கும். மரப்பெரணிகள் குடை பிடிக்கும். கரிச்சான் தன் இரண்டு வால் இழைகளையும் பட்டத்தின் வாலைப் போல இழுத்துக்கொண்டு பறக்கும். கல்லூரி நாளில் முதன்முதலாக அங்கே போனபோது இவற்றில் எதையும் நான் பார்க்கவில்லை. உரையை ஒத்திகை பார்த்தபடியே மலையேறினேன். பார்த்தவள் உடன் படித்த சுபாஷினி. பூச்சிக்காகக் காத்திருந்த குடுவைச் செடியைக் காட்டி, "இங்க பாரு, உன்ன மாதிரியே வாயத் தொறந்துகிட்டு நிக்குது" என்றாள்.

அது எங்கள் பேச்சாளர் மன்றத்தின் முகாம். முதன்மைப் பேச்சாளர் நானா, சுபாஷினியா என்பதை அன்றைய விவாதம் முடிவு செய்யும். மலைக்காட்டைக் காக்க மனிதனின் குரல் தேவையா என்பது தலைப்பு. தேவை என்பது என் தரப்பு. நேரக் காப்பாளன் தனேஷ் மணியைப் பேருந்திலேயே விட்டுவிட்டதால், மரத்தடி மேசையைத் தட்டுவதாக ஏற்பாடு: ஒரு தட்டு என்றால் நேரம் நெருங்குகிறது; தொடர்ந்த தட்டு என்றால் முடித்தே ஆகவேண்டும்.

"காட்டுக்கு வாய் இல்லை!" என்று முழங்கித் தொடங்கினேன்.

டொக்.

அதற்குள்ளாகவா? தனேஷை முறைத்தேன், அவன் விழித்தான். மறுபடியும் டொக். அருமையான இரண்டு உவமைகளைத் தியாகம் செய்தேன். டொக், டொக். வரலாற்றுச் சான்றுகளைக் கைகழுவினேன். தட்டு வேகமெடுக்க நானும் வேகமெடுத்து, மூச்சு முட்ட முடிவுரைக்குப் பாய்ந்தேன்: "ஆகவே அவையோரே, வாயற்ற காட்டுக்கு நாமே வாய்!"

மர உச்சியில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.

"ஏன்டா அப்படித் தட்டுன?"

"நான் மேசையத் தொடவே இல்ல லா!" என்று தனேஷ் மேலே கைகாட்டினான்.

தலையில் கவசம் சூடிய பெரிய இருவாச்சிப் பறவை. டொக், டொக் என்று ஒவ்வொரு கூவலாகத் தொடங்கி, வேகம் கூட்டி, பெருஞ்சிரிப்பில் முடிப்பது அதன் பாணியாம். சொல்லப்போனால், மேடை இலக்கணப்படி என்னுடையதைவிடச் செம்மையான உரை.

சுபாஷினி எழுந்தாள். "நடுவர் அவர்களே, காட்டுக்கு வாய் இல்லன்னு அண்ணன் சொன்னாரு. எங்க தரப்புல பேசியாச்சுங்க." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள்.

அவை குலுங்கியது. நடுவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே முதன்மையிடத்தை அவளுக்கு அளித்தார். அதிகம் சிரித்தவன் நானே. வென்ற மேடைகளில்கூட எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி வாய்த்ததில்லை.

சந்தையில் மணந்த அந்தப் பூவின் தூண்டுதலால் போன வாரம் மூவரும் மீண்டும் மலையேறினோம். இஞ்சி பூத்திருந்தது. கரிச்சான் வாலை இழுத்துக்கொண்டு பறந்தது. இம்முறை எல்லாவற்றையும் பார்த்தேன். மர உச்சி மட்டும் அமைதியாக இருந்தது. அந்தச் சிரிப்பு இப்போதெல்லாம் கேட்பதில்லை என்றார் பூங்காக் காவலர். தனேஷ் அதே மரத்தடி மேசையை மெல்லத் தட்டிப் பார்த்தான். டொக். பதில் இல்லை.

"பேசு, அண்ணாந்து பாத்துப் பேசு. வந்தாலும் வரும்" என்றாள் சுபாஷினி.

காட்டுக்கு வாய் இல்லை என்று தொடங்கினேன். யாரும் மறுக்கவில்லை. அன்று தோற்ற என் வாதம் இன்று வென்றுகொண்டிருக்கிறது, நண்பரே. இன்னொரு முறை தோற்க எனக்கு எவ்வளவு ஆசை!