கன்னத்து மெழுகும் ஆத்தாள் கொடுத்த குரலும்

என் கன்னத்தில் இருக்கும் பள்ளத்தை, ஆத்தாள் தண்டித்த அடையாளம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவளை நம்பும் உங்களிடம் நடந்ததை நானே சொல்கிறேன்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். சிறு வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால், ஊசி போட்டுத் தழும்பை நிரப்புகிறவன் ஒருவன் பக்கத்து ஊரான லோபாக்குக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உருக்கிய மெழுகை இடது கன்னத்தில் ஏற்றினான். கன்னம் பளபளத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம், ஆடி மாதம், அந்தக் கன்னம் கல்லாய் இறுகிச் சிவந்து கொப்புளமாய்க் கிளம்பியது. காய்ச்சல் கொதித்தது. என் கணவரை ஏற்கெனவே சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். வீட்டில் மாமியாரும் நானும்தான். அவர் பார்த்த உடனே அம்மை என்று வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். அம்மை வந்த வீட்டில் கத்தியும் மருந்தும் நுழையக்கூடாது. படுத்திருப்பவளை ஆத்தாளாகவே நினைத்து, கேட்டதைச் செய்ய வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வழக்கம் அது.

"இது அம்மை இல்ல அத்தே, மெழுகு!" என்று அழுதேன்.

"காய்ச்சல்ல பெனாத்தாத தாயி" என்று வேப்பிலையால் விசிறினார்.

ஐந்தாம் நாள் வீக்கம் கண்ணை மூடிவிட்டது. கண் போகும், பிறகு உயிரும் போகும் என்று தெரிந்தது. கோபம் பொங்கியது. நான் வேண்டிக்கொள்ளவில்லை, சண்டை போட்டேன். "ஆத்தா, நீ கொடுத்த தழும்ப மறைச்சேன். அதுக்கா இது? நீ அப்படிப்பட்டவ இல்ல. இது நீ இல்லன்னு இவங்களுக்குச் சொல்லு!"

அப்போதுதான் தோன்றியது. மாமியார் என்னை ஆத்தாள் என்றுதானே கும்பிடுகிறார்? எழுந்து உட்கார்ந்தேன். "ஏய்! டிரெசர வரச் சொல்லுடீ!"

அப்படி ஒரு குரல் எனக்குக் கிடையாது. மாமியார் விழுந்து கும்பிட்டுவிட்டு, வைத்தியம் பார்க்கும் டிரெசரைக் கூட்டிவரத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டிரெசர் தொட்டுப் பார்த்தார். "எவன் உன் மூஞ்சில மெழுகு ஏத்துனது? மயக்க மருந்து இல்லம்மா. கத்தியும் உப்புத் தண்ணியுந்தான் இருக்கு."

"வெட்டுங்கய்யா."

சீழோடு மெழுகுக் கட்டிகளும் வந்தன. எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. தினமும் வந்து கழுவிக் கட்டினார். கண் திறந்தது. பிழைத்தேன், வெட்டிய இடத்தில் பள்ளம் மட்டும் நின்றுவிட்டது.

ஒருநாள் மாமியார் மெதுவாகக் கேட்டார். "நெசமாச் சொல்லு. அன்னைக்குப் பேசுனது நீயா, ஆத்தாளா?"

"பேசுனது நாந்தான் அத்தே. பேச வச்சது அவ."

அவர் மரவள்ளிக்கிழங்கு வெந்ததா என்று பார்க்கப் போனார்.

அதுவரை திருவிழாவில் என் முகத்துக்கு வெட்கப்பட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். மறு வருடம் முன்வரிசையில் தீச்சட்டி எடுத்தேன். கணவர் திரும்பி வரவில்லை. அதற்காக ஆத்தாளோடு இன்னும் சண்டைதான். ஆனாலும் அவளை விட்டால் எனக்கு யார்?

நீங்களும் ஆத்தாளை நம்புங்கள். வேப்பிலை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படுத்திருப்பவள் இது வேறு என்று சொன்னால், சாமி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவள் தன் வாயால் சொல்லும்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.