தார்லி கேட்ட கால் மணி

சிரில் தார்லி பதினெட்டுப் படம் எடுத்தவர். பெரிய படத்துக்கு முன்னால், ஜனங்கள் ஐஸ்கிரீமும் கையுமாக இடம் தேடும்போது ஓடுமே, அந்த ஒரு மணி நேரச் சின்னப் படங்கள். ஹல் ஊர்க் கசாப்புக் கடைக்காரர் மகன். பதினான்கு வயதில் லண்டனுக்கு ஓடிவந்து கிளாப் அடித்து, எடிட்டிங் கற்று, முப்பத்திரண்டில் டைரக்டர் ஆனார். அதோடு நின்றார். "தார்லியா? சொன்ன நேரத்துக்கு முடிச்சுடுவாரு" என்பார்கள். படம் எப்படி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அது அவருக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டு வருடம் கழித்து, பத்தொன்பதாவது படத்தில்தான் நோரா பெல்ஹாம் வந்தாள். காலமெல்லாம் வாடகை வீட்டுக்காரம்மா வேஷமே போட்டுத் தேய்ந்த நடிகை. மகன் கப்பலோடு மூழ்கிவிட்டான் என்று தந்தி வந்த பிறகும் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. இரண்டாவது தடவை அவள் சீவியதைப் போல ஒன்றைத் தார்லி தன் பதினெட்டுப் படத்திலும் பார்த்ததில்லை. பாதியில் ஒரு விளக்கு டப்பென்று வெடித்து அந்த ஷாட் வீணானது. மணி ஐந்து பதினைந்து. காலையில் அந்தச் சமையலறை செட்டைப் பிரித்துவிடுவார்கள். கையில் மிஞ்சியது மொண்ணையான முதல் ஷாட் மட்டும்.

ஐந்து இருபதுக்கு மேல் வேலை நடக்க வேண்டுமென்றால் தொழிலாளர் சங்கத்து ஆள் மூலம் கேட்க வேண்டும்; பாதிப் பேருக்கு மேல் கை தூக்க வேண்டும். கால் மணி கேட்பது என்று அதற்குப் பேர். தார்லி ஆயுளில் கேட்டதில்லை.

"பெர்ட், ஒரே ஒரு கால் மணி வேணும்ப்பா."

சங்கத்து ஆளான எலக்ட்ரீஷியன் பெர்ட் ஸ்காகின்ஸ் சிரித்துவிட்டான். "நீங்களா கேக்குறீங்க தலைவரே? உங்க படம்னா நாங்க ஏன் அடிச்சுப் பிடிச்சு வர்றோம்? டாண்ணு வீட்டுக்குப் போகலாம்னுதான்."

"இன்னைக்கு மட்டும். அந்தம்மாவப் பாத்தேல்ல?"

"பாத்தேன். கேட்டுப் பாக்குறேன்."

இருபத்துமூன்று பேரில் ஒன்பது கை எழுந்தது. அதில் ஒன்று பெர்ட்டுடையது. மற்றவர்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. கோட்டை மாட்டிக்கொண்டே "வர்றோம் தலைவரே" என்று பாசமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நோரா கத்தியைத் துடைத்து வைத்தாள். "பரவால்ல சிரில். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அடுத்த மாதம் தயாரிப்பாளர் க்ரோதர் படம் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். "ஒரு நாள்கூடப் பிசகலையே, சிரில். அடுத்த மூணும் உனக்குத்தான்."

"அந்த உருளைக்கிழங்கு சீன்..."

"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"

தார்லிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எதைக் காட்டிக் கத்துவது? மூன்று ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்.